மில்ரனா, பிரைட்டனா, ஜோர்ஜியன் குடாவா: அப்பிள் ஆய எங்கே போவது?

ஓகஸ்ட் கடைசிக் கிழமையில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தங்கச்சி ஒரு சிவப்பு அப்பிளின் படத்தைப் போடுவாள். கூட ஒரு சொல்லும் இருக்காது. அன்றிரவே மச்சான் வடக்கே இருக்கிற ஜோர்ஜியன் குடாவின் படங்கள் நாலைந்தை இறக்குவார். என் மனைவி, "பிள்ளையளுக்கு சொக்கர் மட்ச் எந்தெந்த ஞாயிறு?" என்று கேட்பாள். கடைசியாக அம்மாவிடமிருந்து ஒரு குரல்பதிவு வரும்: "கடையில இல்லாத அப்பிளா?" பதினொரு வருடமாக இந்த வரிசை குழம்பவில்லை.

இரண்டு வீடு, ஒன்பது பேர், இரண்டு வாகனம். எல்லாரும் கனடாவில், ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில். மூத்தவர் அம்மா, வயது 74, வலது முழங்கால் தேய்ந்துபோனது. கடைக்குட்டி தங்கச்சியின் மகன். வயது நாலு, வாகனத்தில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்தால் சத்தி எடுப்பான். இந்த இரண்டு பேருக்கும் இடையில் மற்ற ஏழு பேரின் விருப்பமும் அடங்க வேண்டும். இத்தனை வருடத்தில் ரொறன்ரோவிலிருந்து மேற்கே, கிழக்கே, வடக்கே என்று மூன்று பக்கமும் போய்விட்டோம். ஒரு வருடம் எங்கும் ஆயாமல் வாங்கியும் பார்த்தாயிற்று. இந்த முறை சண்டை தொடங்க முன்னம் எல்லாவற்றையும் எழுதி வைப்போம் என்று உட்கார்ந்தேன். அப்பம்மா முதல் பேரப்பிள்ளை வரை ஏற்றிக்கொண்டு புறப்படுகிற வீடுகள் ஸ்காபரோவிலும் பக்கத்து நகரான மார்க்கத்திலும் நிறைய, அவர்களுக்கும் உதவலாம்.

அதற்கு முதல் ஒரு சொல். பிள்ளைகள் "அப்பிள் பிக்கிங்" என்பார்கள். நான் ஒருமுறை "அப்பிள் பிடுங்கப் போறம்" என்று சொல்ல, அம்மா திருத்தினா: "பிடுங்கிறது மரவள்ளி. பழத்தை ஆயிறது." தோட்டக்காரர்கள் வாசலில் சொல்லித் தருவதும் கிட்டத்தட்ட இதுதான். அப்பிளைப் பிடித்துக் கீழே இழுத்தால் அது தொங்குகிற கட்டைக் குச்சியும் சேர்ந்து முறியும். அடுத்த வருடப் பூமொட்டு இருப்பது அந்தக் குச்சியில். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, மேல்நோக்கி உயர்த்தி, மெல்லத் திருப்பினால் முற்றியது தானாகவே கழன்று கைக்கு வரும். வர மறுத்தால் விட்டுவிட வேண்டியதுதான். ஊரில் கொக்கத்தடியோடு மாமரத்துக்குக் கீழ் நின்ற ஆளுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவைப்படவில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது எனக்கு.

திகதியை முதலில் பிடியுங்கள்

எந்தத் தோட்டம் என்ற கேள்வியோடுதான் நாங்கள் எல்லா வருடமும் தொடங்குவோம். அது பிழையான தொடக்கம் என்று எனக்குப் பிடிபட ஐந்தாறு வருடம் எடுத்தது. எந்த ஞாயிறு என்று தெரிந்தால் எந்த அப்பிள் என்று தெரிந்துவிடும். எந்த அப்பிள் என்று தெரிந்தால் எந்தத் திசை என்பது பாதி தீர்ந்துவிடும்.

ஏன் ஞாயிறு? செப்டம்பர் நடுவிலிருந்து ஒக்ரோபர் நடு வரை புரட்டாதி. புரட்டாதிச் சனி என்றால் அம்மாவுக்குக் கோயில், எள்ளெண்ணெய் விளக்கு, விரதம். அன்று அவவைத் தோட்டத்துக்குக் கூப்பிட ஒருவருக்கும் துணிவில்லை. பிள்ளைகளுக்கும் சனி காலை தமிழ் வகுப்பு. நவராத்திரியும் பெரும்பாலும் இதற்குள்தான் வந்து விழும். ஒக்ரோபர் இரண்டாம் திங்கள் தாங்ஸ்கிவிங் விடுமுறை. அந்த நீண்ட வார இறுதியில் இலை நிறம் பார்க்கப் புறப்பட்ட பாதி ரொறன்ரோ நெடுஞ்சாலை 400இல் நிற்கும். ஆகவே செப்டம்பர் முற்பகுதியிலிருந்து ஒக்ரோபர் கடைசி வரை தோட்டங்கள் திறந்திருந்தாலும், பிள்ளைகளின் சொக்கரும் கழிய எங்கள் கைக்கு வருவது நாலு ஞாயிறு. அதில் ஒன்றை மழை எடுத்துக்கொள்ளும்.

அப்பிளுக்கும் ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. தென் ஒன்ராறியோவில் செப்டம்பர் இரண்டாம் கிழமை அளவில் மக்கின்ரோஷும் காலாவும் வரும். அதன் பின்னால் ஹனிகிறிஸ்ப். செப்டம்பர் கடைசியிலிருந்து ஒக்ரோபர் தொடக்கம் வரை கோர்ட்லண்ட், எம்பயர், ஸ்பார்ட்டன். பிறகு அம்ப்ரோசியா, ஐடா ரெட். ஒக்ரோபர் நடுவில், சில வருடம் அதற்கும் பிந்தி, முட்சுவும் நோர்தேர்ன் ஸ்பையும். வடக்கே ஜோர்ஜியன் குடாப் பக்கம் எல்லாமே சில நாள் பிந்தும். வெயிலும் மழையும் இந்தக் கணக்கை ஒரு கிழமை முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளிவிடும்; ஆனால் வரிசை மாறாது.

பிள்ளைகளைக் கேட்டால் ஒரே பதில்: ஹனிகிறிஸ்ப். மினசோட்டாப் பல்கலைக்கழகம் 1991இல் வெளியிட்ட இந்த அப்பிள் கடித்தவுடன் உடைகிற சத்தத்துக்காகவே பிறந்தது. எனக்கும் பிடிக்கும். ஆனால் எல்லாருக்கும் பிடித்திருப்பதுதான் அதன் சிக்கல். நாங்கள் போன தோட்டங்கள் பலவற்றில் அதற்குப் பை வேறு, விலை வேறு. சனிக்கிழமை மொட்டையாகிப்போன வரிசையைத்தான் ஞாயிறு பின்னேரம் போகிறவர் பார்ப்பார். அந்த ஒரு இனத்தை நம்பி நாள் குறித்தால் ஏமாற்றம் நிச்சயம்.

நான் நாள் குறிப்பது கோர்ட்லண்டை வைத்து. மக்கின்ரோஷுக்கும் பென் டேவிஸ் என்ற பழைய இனத்துக்கும் பிறந்தது. வெட்டி வைத்தாலும் கெதியில் கறுக்காது. பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டியில் கறுத்த அப்பிள் துண்டைத் தொடாமல் திருப்பிக் கொண்டுவருகிற பிள்ளை உள்ள வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. அம்மாவின் தெரிவு நோர்தேர்ன் ஸ்பை. மக்கின்ரோஷைச் சட்டியில் போட்டால் பத்து நிமிடத்தில் கூழ். சோஸ் செய்ய அதுதான் வேண்டும். ஸ்பை வெந்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும், புளிப்பும் போகாது. அப்பிள் பை (pie) சுடுகிறவர்கள் அதைத் தேடி அலைவது அதற்காக. அம்மா அதை மாங்காய்க் கறி வைக்கிற மாதிரியே தேங்காய்ப்பால் விட்டு வைப்பா. முதல் தடவை அவ அப்படிச் செய்தபோது மச்சான் முகம் சுளித்தார். பிறகு சட்டியை வழித்தவரும் அவர்தான்.

பக்கத்துத் தோட்டங்கள்

ரொறன்ரோவுக்கு மேற்கே மில்ரன், வடகிழக்கே ஸ்ரோவில். எங்களுக்கு ஸ்ரோவில் 35 கிலோமீற்றர் அளவு, மில்ரன் அதைப்போல இரண்டு மடங்கு. இங்கே பல தோட்டங்களில் அப்பிள் ஒரு சாட்டு. சோளக்காட்டுப் புதிர்வழி, உழவு இயந்திரம் இழுக்கிற வைக்கோல் வண்டி, ஆடு, பூசணிக்காய் மலை, சுடச்சுட அப்பிள் டோனட். வார இறுதிக்கு முன்கூட்டியே இணையத்தில் ரிக்கற் எடுக்க வேண்டும். நேரமும் குறித்துத் தருவார்கள். பிந்தினால் உங்கள் பாடு.

இந்த வகைத் தோட்டம் ஒன்றில் ஒரு வருடம் நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பது பேருக்கு நுழைவுக் காசு மட்டும் 150 டொலரைத் தாண்டியது. அதில் ஒரு அப்பிளும் இல்லை. பை தனிக் காசு. வாகனம் நிறுத்த அரை மணித்தியாலம், வண்டிக்கு வரிசை நாற்பது நிமிடம். வண்டியின் படி அம்மாவின் முழங்காலுக்கு எட்டாத உயரம். நானும் மச்சானும் இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றினோம். இறக்கிவிட்ட இடத்தில் கைக்கெட்டும் உயரம் எல்லாம் வெறுமை. உச்சியில் கொஞ்சம் இருந்தது. ஏணி வைக்க அனுமதி இல்லை. அம்மா ஒரு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு கொக்கத்தடி தந்திருக்கலாம்" என்றா. அன்று நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த பையில் பாதி, வாசற் கடையில் வாங்கிய அப்பிள்.

இவ்வளவும் சொன்ன பிறகும் இதைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. காரணம் அந்தக் கடைக்குட்டி. அன்று முழு நாளும் அழாமல் இருந்தது அவன் ஒருவன்தான். நாலு வயதுக்காரனுக்கு மரம் பத்து நிமிடம். பிறகு ஆடு வேண்டும், சறுக்கு வேண்டும், டோனட் வேண்டும். ஒழுங்கான கழிவறையும் கை கழுவத் தண்ணீரும் இருந்தன. தூரத் தோட்டங்களில் பல இடத்தில் பிளாஸ்ரிக் பெட்டிக் கழிவறைதான். சின்னப் பிள்ளையைத் துடைத்தெடுத்த எந்தத் தாயும் இதை அற்ப விஷயம் என்று சொல்லமாட்டாள். பிள்ளைகள் எல்லாரும் ஆறு வயதுக்குக் கீழ் என்றால் யோசிக்காமல் இங்கேயே போங்கள். காலை திறக்கும் நேரத்துக்கு நில்லுங்கள், முடிந்தால் கிழமை நாளில். அப்பிளை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

செப்டம்பரில் போகிறவர்கள் குளவியையும் கணக்கில் எடுக்க வேண்டும். விழுந்து அழுகிய பழத்துக்கும் சிந்திய சாற்றுக்கும் அவை மொய்க்கும். என் மகளுக்கு உதட்டில் கொட்டியது, கையில் இருந்த அப்பிள் சாற்றுக் குவளைக்குள் ஒன்று இருந்ததால். மூடி உள்ள குவளை கொண்டுபோங்கள். சாறு என்றதும் இன்னொன்று: தோட்டங்களில் சைடர் என்று விற்கிற அப்பிள் சாற்றில் சில சூடாக்கிக் கிருமி நீக்காதவை. சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் அதைக் குடிக்க வேண்டாம் என்று கனடாச் சுகாதாரத் திணைக்களமே சொல்கிறது. போத்தலில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். நிலத்தில் விழுந்து கிடப்பதைப் பைக்குள் போடக்கூடாது என்பதற்கும் காரணம் இதே கிருமிதான்; இரவில் அந்த மரங்களுக்குக் கீழ் மான் நடமாடும்.

கிழக்கே, ஏரிக்கரையோடு

நெடுஞ்சாலை 401இல் கிழக்கே ஒன்றேகால் மணித்தியாலம். கோபேர்க் தாண்டியதும் இரண்டு பக்கமும் தோட்டங்கள் தலை காட்டத் தொடங்கும். கோல்போர்னில் வீதியோரம் பத்து மீற்றருக்கு மேல் உயரமான ஒரு சிவப்பு அப்பிள் நிற்கும். 1987இல் கட்டியது, உள்ளே ஏறி மேலே நின்று பார்க்கலாம். கலைப் பொருள் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் பின் இருக்கையில் இருக்கிற எந்தப் பிள்ளையும் அதைக் கண்டு கத்தாமல் போனதில்லை. அங்கே அப்பிள் பை (pie) வாங்கலாம், கழிவறையும் உண்டு. சத்தி எடுக்கிறவனுக்கு அந்த இடம் சரியான தூரத்தில் அமைந்திருக்கிறது.

அதைத் தாண்டி பிரைட்டன் வரை, பழைய நெடுஞ்சாலை 2ஐச் சுற்றி இருப்பது உண்மையான அப்பிள் ஊர். ஒன்ராறியோ ஏரியின் தண்ணீர்தான் இங்கே காவல். இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு வசந்தத்தில் கெதியில் சூடாகாது. கரையோரக் காற்றும் குளிர்ந்தே இருப்பதால் பூ அவசரப்பட்டு விரியாது, கடைசி உறைபனியில் கருகாது. இலையுதிர்காலத்தில் அதே தண்ணீர் கோடைச் சூட்டை மெல்ல மெல்ல விட்டு முதல் உறைபனியைப் பின்தள்ளும். இந்தக் காவலும் ஒரு எல்லை வரைதான். எங்கள் வழக்கம் தொடங்க முன், 2012இல், மார்ச்சிலேயே கோடை போல வெயில் எறித்து மரங்கள் நேரத்தோடு பூத்துவிட்டன. ஏப்ரல் உறைபனி வந்து ஒன்ராறியோ அப்பிளில் பெரும்பகுதியை அழித்தது. பிரைட்டன் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் அந்த வருடத்தைப் பற்றிச் சொன்னபோது அம்மா ஒரு கதையும் சொல்லாமல் தலையை ஆட்டிக்கொண்டு நின்றா. புகையிலைக் கன்று வெள்ளத்தில் போன வருடங்களைக் கண்டவ.

இங்கே நுழைவுக் காசு கேட்காத தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. பைக்கு மட்டும் காசு. ஆடு இல்லை, புதிர்வழி இல்லை. மரவரிசைக்குப் பக்கத்தில் வாகனத்தை விடலாம் என்றால் அம்மாவுக்கு வண்டி ஏறும் வேலை இல்லை. புதிதாக நட்ட வரிசைகள் குட்டை மரங்கள். இரண்டு மூன்று மீற்றருக்கு மேல் வளராத வேர்க்கட்டையில் ஒட்டி, கம்பியில் சாய்த்துக் கட்டியிருப்பார்கள். தூர நின்று பார்த்தால் ஊர் முந்திரிகைப் பந்தல்தான். அம்மா மடக்குக் கதிரையில் இருந்தபடியே அரைப் பை நிரப்பினா. அன்று முழுக்க அவ "கடையில இல்லாத அப்பிளா" என்று கேட்கவில்லை.

ஒட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. உலகத்தில் உள்ள மக்கின்ரோஷ் மரங்கள் எல்லாம் ஒரே மரத்தின் ஒட்டு. இதே 401இல் இன்னும் கிழக்கே, டண்டாஸ் பகுதியில் டண்டேலா என்று ஒரு சிற்றூர். அங்கே ஜோன் மக்கின்ரோஷ் என்பவர் 1811இல் காடு வெட்டித் துப்புரவாக்கும்போது தானாக முளைத்த அப்பிள் கன்றுகளைக் கண்டு பெயர்த்து நட்டார். அதில் தப்பிய ஒன்றிலிருந்து ஒட்டுக்கிளை வெட்டி வெட்டித்தான் இந்த இனம் பரவியது. விதை போட்டால் வேறொரு அப்பிள்தான் வரும், கறுத்தக்கொழும்பான் கொட்டையை நட்டு அதே மாம்பழத்தை எதிர்பார்க்க முடியாத மாதிரி. மொன்றியல் சித்தப்பா வீட்டுக்குப் போகும் வழியில் ஒருமுறை இறங்கிப் பார்த்தோம். ஒரு நினைவுப் பலகை, சுற்றிலும் வயல். அப்பிள் நிறுவனத்தின் மக்கின்ரோஷ் கணினிக்குப் பெயர் வந்தது இந்தப் பழத்திலிருந்து என்று சொன்ன பிறகுதான் என் மகன் தலையை நிமிர்த்தினான். அப்பிள் ஆய அங்கே போகச் சொல்லமாட்டேன். ஸ்காபரோவிலிருந்து கிட்டத்தட்ட நாலு மணித்தியாலம்.

கிழக்கின் குறை என்ன? பிள்ளைகளுக்கு அலுப்பு. ஒரு மணித்தியாலத்தில் பை நிரம்பிவிடும், "இனி என்ன?" என்று நிற்பார்கள். நாங்கள் கண்ட வழி பிரைட்டனுக்குப் பக்கத்தில் இருக்கிற பிரெஸ்கீல் மாகாணப் பூங்கா. ஏரிக்குள் நீண்டு கிடக்கும் நிலம், மணற்கரை, பழைய வெளிச்சவீடு. தெற்கே போகும் பறவைகள் செப்டம்பரில் அங்கே தங்கிப் போகும். மொனார்க் வண்ணத்திப்பூச்சிகளும் அப்படியே. புளிச்சாதமும் அவித்த கிழங்கும் கட்டிக்கொண்டு போனால் மதியம் அங்கே. வாகனத்துக்கு நாள் அனுமதிச் சீட்டு வேண்டும், முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

மச்சானின் ஜோர்ஜியன் குடா

வடக்கே 400, பிறகு 26. கோலிங்வுட், தோர்ன்பரி, மீஃபோர்ட். ஒரு பக்கம் நீலக் குடா, மறுபக்கம் நயாகரா எஸ்கார்ப்மென்ற் என்ற நீண்ட பாறைச்சரிவு, இடையில் ஒடுங்கிய கீற்றாகத் தோட்டங்கள். ஒக்ரோபர் முதல் கிழமையில் அந்தச் சரிவில் மேப்பிள் சிவந்து நிற்கும்போது மச்சான் சொல்வது எல்லாம் உண்மை. அழகில் இதற்குப் பக்கத்தில் நிற்க மற்ற இரண்டுக்கும் தகுதி இல்லை.

பழமும் அப்படித்தான். அப்பிளின் தோல் சிவக்க வெயிலோடு குளிர்ந்த இரவும் வேண்டும். பகல் வெளிச்சமாகவும் இரவு குளிராகவும் இருக்கிற செப்டம்பர் கடைசியில் இங்கே ஆய்ந்த எம்பயரின் நிறம், நான் பிரைட்டனில் பார்த்ததைவிட ஒரு படி கறுத்த சிவப்பு. (எம்பயர் மக்கின்ரோஷுக்கும் ரெட் டெலிஷியஸுக்கும் பிறந்த பிள்ளை, தாயின் மணம், தகப்பனின் கெட்டித்தோல்.) நோர்தேர்ன் ஸ்பை மரம் நட்டுப் பல வருடம் காய்க்காமல் சோதிக்கும், ஆகையால் புதிதாக நடுபவர்கள் குறைவு. பழைய ஸ்பை மரங்கள் நான் அதிகம் கண்டது இந்தப் பக்கம்தான். அம்மாவின் கறிக்கு மிகப் பொருத்தமான அப்பிள் அம்மா போக முடியாத தூரத்தில் விளைகிறது.

தூரம்தான் பிரச்சினை. வீதி வெறுமையாக இருந்தால் இரண்டரை மணித்தியாலம். ஒக்ரோபர் ஞாயிறு பின்னேரம் திரும்பி வரும்போது பாரி நகரிலிருந்து வாகனங்கள் ஊர்ந்துதான் வரும். ஒரு வருடம் தாங்ஸ்கிவிங் ஞாயிறன்று போனோம். போக மூன்றேகால், வர நாலு. கடைக்குட்டி இரண்டு தடவை சத்தி எடுத்தான். அம்மா வீட்டு வாசலில் இறங்கும்போது முழங்கால் நீட்ட வரவில்லை. பத்து நிமிடம் வாகனக் கதவைப் பிடித்தபடி நின்றா. அன்று ஆய்ந்த அப்பிள் அந்த வருடத்தில் நாங்கள் தின்றதில் மிக நல்ல அப்பிள். இரண்டும் உண்மை.

ஒரு இரவு தங்கினால் சரிவரும். ஒன்பது பேருக்கு இலையுதிர்காலத்தில், கோலிங்வுட்டை ஒட்டிய நீல மலைப் பக்கத்தில், வார இறுதி அறை வாடகை என்பது அப்பிள் கணக்கில் வராத கணக்கு. பிள்ளைகள் வளர்ந்த குடும்பம், அல்லது இரண்டு பேராகப் புறப்படுகிற சோடி என்றால் நான் வேறு எதையும் சொல்லமாட்டேன், இங்கேயே போங்கள்.

அம்மாவின் கட்சி

"கடையில இல்லாத அப்பிளா?" என்ற கேள்வியை நாங்கள் பல வருடம் சிரித்துத் தள்ளினோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவ சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெற்றோல், நுழைவு, டோனட் எல்லாம் சேர்த்தால் நாங்கள் ஆய்ந்த அப்பிள் கடையில் வாங்குவதைவிட எந்த வருடமும் மலிவாக இருந்ததில்லை. காசு மிச்சம் பிடிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு யாராவது அப்பிள் ஆயப் போனால் அவர் தன்னையே ஏமாற்றுகிறார்.

ஆனால் கடையிலும் எல்லா அப்பிளும் இல்லை. ஒக்ரோபரில் ஆய்ந்ததை ஒட்சிசன் குறைத்த குளிர் அறையில் உறங்க வைத்து அடுத்த கோடை வரை விற்கிறார்கள். அப்படி நாட்பட வைக்கத் தாங்குகிற இனங்களுக்குத்தான் கடைத்தட்டில் இடம். ஸ்பையையும் கோர்ட்லண்டையும் எங்கள் பக்கத்துப் பெரிய கடைகளில் நான் கண்டது குறைவு.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதுதான் நாங்கள் ஒரு வருடம் செய்தது: தோட்டத்துக்கு வெளியே வீதியோரக் கொட்டிலில் ஆய்ந்து வைத்ததை அரைப் புஷலாக வாங்குவது. விலை தெரியும், கறை இல்லாததாகப் பொறுக்கலாம், அரை நாளில் வீடு திரும்பலாம். சில இடத்தில் ஆளே இல்லை. காசுப் பெட்டி மட்டும். அம்மா அந்தப் பெட்டியைக் கண்டு, "ஒருத்தரும் எடுத்துக்கொண்டு ஓடமாட்டினமோ?" என்று கேட்டு, சில்லறையை இரண்டு தடவை எண்ணிப் போட்டா. அந்த வருடம் எல்லாருக்கும் வசதி. ஆனால் படம் ஒன்றும் இல்லை. அடுத்த ஓகஸ்டில் முதலில் குறைப்பட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? அம்மாதான். "போன வருசம் ஒரு மரத்தையும் தொடேல்லை" என்றா.

எங்கே போனாலும் எவ்வளவு வாங்குவது என்பதில் எங்களைப் போல ஏமாறாதீர்கள். ஒரு புஷல் அப்பிள் 19 கிலோ அளவு வரும். அரைப் புஷல் அதில் பாதி, பெக் என்ற அளவு கால்வாசி. ஒருமுறை ஆசையில் இரண்டு புஷல் வாங்கி நிலக்கீழ் அறையில் வைத்தோம். சூடாக்கி ஓடுகிற அறை. டிசம்பரில் தோல் சுருங்கி, கடித்தால் மாவாக உதிர்ந்தது. அப்பிளுக்கு வேண்டியது உறையாத குளிர், பூச்சியம் முதல் நாலு பாகை வரை, கொஞ்சம் ஈரப்பதன். குளிர்சாதனப் பெட்டியில் மரக்கறித் தட்டில், ஓட்டை போட்ட பையில் வைத்தால் பல கிழமை தாங்கும். கரட்டை அதோடு சேர்க்காதீர்கள். அப்பிள் விடுகிற எதிலீன் வாயு கரட்டைக் கைக்கச் செய்யும். அடிபட்டதை முதலில் தின்னுங்கள். ஒன்பது பேருக்கு ஒரு புஷல் போதும் என்பது பல வருட அனுபவம்: அரைவாசி கோர்ட்லண்ட், கால்வாசி ஸ்பை கிடைத்தால் ஸ்பை, மிச்சம் பிள்ளைகளின் விருப்பம்.

இந்த வருடம்

கடைக்குட்டிக்கு இன்னும் நாலுதான். அதனால் தங்கச்சி மில்ரன் என்றாள். மச்சான் வழமைபோல. நான் எழுதி வைத்ததைக் குழுவில் போட்டேன்: ஒக்ரோபர் முதல் ஞாயிறு, பிரைட்டன். அந்த ஞாயிறு தாங்ஸ்கிவிங்குக்கு முந்தியது, கோர்ட்லண்டும் எம்பயரும் மரத்தில் இருக்கும், குளவி குறைந்திருக்கும். ஸ்பை கிடைக்காது, அதை மச்சான் ஒக்ரோபர் கடைசியில் தான் தனியாக மீஃபோர்ட் போய் அம்மாவுக்குக் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டார். அவர் கேட்டதும் அதுதான், எங்களுக்கு வேண்டியதும் அதுதான். சனி பின்னேரம் தோட்டத்துக்குத் தொலைபேசி எடுத்து எந்த வரிசை திறந்திருக்கிறது என்று கேட்பது என் பொறுப்பு. மழை என்றால் அடுத்த ஞாயிறு இல்லை, அதற்கும் அடுத்தது.

தங்கச்சி அரை மணித்தியாலம் பதில் போடவில்லை. பிறகு, "டோனட் இருக்குமோ?" கோல்போர்னில் நிறுத்தி ஏதாவது இனிப்பு வாங்கித் தருவதாக எழுதினேன். அம்மாவின் குரல்பதிவு கடைசியாக வந்தது. "அந்த மடக்குக் கதிரையின்ர கால் போன வருசம் ஆடினது. திருத்தினனியோ, தம்பி?"

திருத்தவில்லை. கீழே போய்த் தேடிக்கொண்டிருக்கிறேன்.